சுற்றி நின்றவர்கள்

இறையனார் களவியல் உரை தோன்றிய கதையைப் பதினெட்டு ஆண்டுகளாக வகுப்பில் சொல்லி வருகிறேன். பாண்டி நாட்டில் பன்னீராண்டு வற்கடம். புலவர்களைக் காக்க இயலாத மன்னன், நாடு நாடாகிய பின் வாருங்கள் என்று அவர்களை அனுப்பிவிடுகிறான். மழை பெய்து ஊர் மீண்டபின் ஆளனுப்பித் தேடினால் எழுத்துக்கும் சொல்லுக்கும் யாப்புக்கும் வல்லவர்கள் கிடைக்கிறார்கள். பொருளதிகாரம் வல்லார் ஒருவருமில்லை. மன்னன் கவல்கிறான். ஆலவாய்ப் பெருமானே அறுபது சூத்திரம் செய்து செப்பேட்டில் எழுதிப் பீடத்தின்கீழ் இட்டான் என்பது கதை.

மூலம் கிடைத்துவிட்டது. எவர் உரை மெய்யுரை என்று எப்படி அறிவது? சங்கத்தார் ஆளுக்கோர் உரை சொல்கிறார்கள். தீர்ப்புக்காகப் பலகையில் ஏற்றி அமர்த்தப்படுபவன் உப்பூரிகுடி கிழார் மகன் உருத்திரசன்மன். ஐந்து வயது, வாய் பேசாதவன். புலவர்கள் ஒவ்வொருவராக உரைக்க அவன் வாளா இருக்கிறான். மருதன் இளநாகனார் உரைக்கையில் சிற்சில இடங்களில் கண்ணீர் வார்ந்து மெய்ம்மயிர் சிலிர்க்கிறான். நக்கீரர் உரைக்கையில் சொல்தோறும் அப்படி ஆகிறான்.

ஆண்டுதோறும் யாராவது ஒரு மாணவர் கேட்பார்: "பேச வராத பிள்ளைக்குப் பொருளதிகாரம் எப்படி சார் தெரியும்?" முருகக் கடவுளே ஒரு சாபத்தால் அப்படிப் பிறந்திருந்தார் என்பது நூல் தரும் விடை. அதைச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். அந்த விடை போதாது என்று எனக்கு உறைத்தது, முதுகுளத்தூர்ச் சாலையிலிருந்து பிரியும் ஒரு மண்பாதையின் முடிவில் உள்ள சிற்றூரில். ஊரின் பெயரையும் சபையின் பெயரையும் எழுதப் போவதில்லை. நடந்த பிழை பெரும்பாலும் என்னுடையது. அதை ஓர் ஊரின் தலையில் கட்டுவது முறையாகாது.

நான் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவன். தாத்தா உபதேசியார். அந்தச் சொல்லை இன்று விளக்க வேண்டியிருக்கிறது. உபதேசியார் என்பவர் குருப்பட்டம் பெறாதவர். ஊரிலேயே குடியிருந்து, பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்து, மாலையில் ஜெபம் நடத்தி, சாவு விழுந்தால் குழி வெட்ட ஆள் தேடி, சேகரத்து ஐயர் வரும் நாளில் அவருக்கு முன் கைகட்டி நிற்பவர். தாத்தா கைகட்டி நின்ற கதைகளை அப்பா சிரித்துக்கொண்டே சொல்வார். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை. முதுகலை படித்து, கல்லூரியில் வேலை கிடைத்து, பரமக்குடியில் வீடு பார்த்துக் குடியேறியபோது, எங்கள் குடும்பத்தில் இனி எவரும் எவர் முன்னும் அப்படி நிற்க வேண்டியதில்லை என்று உள்ளூர நினைத்துக்கொண்டேன். பிற்பாடு நடந்ததற்கு இந்த நினைப்பும் ஒரு காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

நான்கு ஆண்டுகளுக்கு முன் எங்கள் சேகரக் கமிட்டித் தேர்தலில் நின்று செயலாளரானேன். சபைத் தேர்தல்களை அறிந்தவர்களுக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. அறியாதவர்கள் கூட்டுறவுச் சங்கத் தேர்தலை நினைத்துக்கொள்ளலாம். இங்கே கடைசியில் ஆசீர்வாதம் கூறி முடிப்பார்கள் என்பது ஒன்றே வேறுபாடு. எங்கள் ஆயருக்கு நகரச் சபையோடு ஏழு கிராமச் சபைகள். ஒவ்வொன்றுக்கும் மாதத்தில் ஒரு ஞாயிறு போய்த் திருவிருந்து நடத்துவார். மற்ற ஞாயிறுகளில் அந்தந்த ஊரில் யாரோ ஒருவர் ஆராதனையை நடத்திக்கொள்வார்.

நான் சொல்லும் ஊரில் அந்த யாரோ ஒருவர், அறுபத்தைந்தைக் கடந்த ஒரு பெண்மணி. சீமைக் கருவேல் வெட்டிக் கரிமூட்டம் போடும் வேலைக்கும், பருவத்தில் மிளகாய்ப் பழம் எடுக்கவும் போய்க்கொண்டிருந்தவர். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். இப்போது கண்ணும் மங்கிவிட்டது. சங்கீதங்கள் பலவற்றை மனப்பாடமாகச் சொல்வார். அவற்றில் சில ஒன்றோடொன்று கலந்து, தாவீதே திகைக்கும்படியான புதுச் சங்கீதங்களாக வெளிவரும். ஊரில் அவருக்கு 'ஜெபக்கார அம்மா' என்று பெயர். கிறிஸ்தவர் அல்லாதவர்களும் அப்படித்தான் அழைக்கிறார்கள்.

நான் முதல்முறை போயிருந்தபோது கெட்ட குமாரன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு போன பிள்ளை, எல்லாவற்றையும் தொலைத்து, பன்றி மேய்த்து, வீடு திரும்புகிறான். தந்தை ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறார். இதுவரை சரி. ஜெபக்கார அம்மாவின் கதையில் வாசலில் ஒரு தாயும் நின்றாள். பிள்ளை போன நாளிலிருந்து அந்தியில் ஒரு படி அரிசியைக் கூடுதலாகப் போட்டு உலை வைத்தவள் அவள். வேதத்தில் அப்படி ஒரு தாய் இல்லை. மூலத்தில் இல்லாததை இடைச்செருகுவதைத் தொழில்முறையிலேயே மன்னிக்காதவன் நான். பாடபேதங்களுக்காக ஆய்வேட்டில் அறுபது பக்கம் செலவிட்டவன். திரும்பி வரும் வழியெல்லாம் அந்தத் தாய் என்னை உறுத்திக்கொண்டே வந்தாள்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். கிராமச் சபைகளின் ஆராதனைத் தரத்தை மேம்படுத்துவது பற்றிய தீர்மானம், வாசகம் என்னுடையது. கல்வித் தகுதியுடையவர்கள் முறைவைத்துக் கிராமங்களுக்குச் சென்று பிரசங்கிக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆயர் சற்றுத் தயங்கினார். "பாத்துச் செய்யுங்க சார், அந்தம்மா மனசு நோகக்கூடாது" என்றார். எனக்கு அது தலைமைக்கு ஆகாத தளர்ச்சியாகத் தெரிந்தது. தீர்மானம் நிறைவேறியது. அந்த ஊரை நானே எடுத்துக்கொண்டேன். மாதம் இரண்டு ஞாயிறு. மாலை ஐந்தரை மணி. சிறிய ஒலிபெருக்கி ஒன்றும் வாங்கிக் கொடுத்தேன்.

அந்த ஊரில் ஆராதனை எங்கே நடக்கும் என்பதைச் சொல்ல வேண்டும். ஒரு சிறு ஜெபவீடு உண்டு, தகரக் கூரை, உள்ளே வெக்கை தாங்காது. ஆகவே வாசலில், வேப்பமரத்தடியில் பாய் விரித்து உட்கார்ந்துகொள்வார்கள். பாதையின் மறுபக்கம் குடிநீர்க் குழாய். அந்த நேரத்தில் அங்கே தண்ணீர் பிடிக்க வருபவர்கள், கண்மாய்ப் பக்கமிருந்து ஆட்டை ஓட்டிக்கொண்டு திரும்புகிறவர்கள், சும்மா வருகிறவர்கள் என்று ஏழெட்டுப் பேர் சுற்றி நின்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். கைகட்டி நிற்பவர்களும் உண்டு, பீடியோடு நிற்பவர்களும் உண்டு. அவர்களில் சிலர் அடுத்த தெருக்காரர்கள்.

அடுத்த தெரு என்று எளிதாக எழுதிவிட்டேன். இந்த மாவட்டத்தில் அந்தச் சொல்லின் கனம் வெளியூர் வாசகருக்குத் தெரியாமல் இருக்கலாம். 1957 செப்டம்பர் 11 அன்று இம்மானுவேல் சேகரன் கொலையுண்டது இதே பரமக்குடியில். அந்த ஆண்டு முதுகுளத்தூர்ப் பகுதியில் மூண்ட கலவரத்தில் எரிந்த வீடுகளைப் பற்றி இன்றும் முதியவர்கள் குரல் தாழ்த்தியே பேசுவார்கள். 2011-இல் அவர் நினைவு நாளன்று நடந்த துப்பாக்கிச் சூடு என் தலைமுறையின் நினைவு. இப்படிப்பட்ட மண்ணில், ஒரு தெருவைச் சேர்ந்தவர் இன்னொரு தெருவின் வேப்பமரத்தடிக்கு வந்து அரைமணி நேரம் நின்று, கரிமூட்டத்துக்குப் போகும் ஒரு கிழவி சொல்வதைக் கேட்பது சிறிய செய்தியன்று. அன்றைக்கு நான் அதைச் செய்தியாகவே எண்ணவில்லை. கவனத்தைச் சிதறடிக்கும் கூட்டம் என்றே நினைத்தேன்.

நான்கு மாதம் பிரசங்கித்தேன். நன்றாகத்தான் பேசினேன் என்று நம்புகிறேன். கெட்ட குமாரன் கதையையும் ஒருநாள் எடுத்து, தாயில்லாமல் திருத்தமாகச் சொன்னேன். ஜெபக்கார அம்மா முன்வரிசையில் அமர்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார். சபையில் ஒருவரும் குறையவில்லை. வருகைப் பதிவேட்டில் எண்ணிக்கை அப்படியே இருந்தது. ஐந்தாம் மாதம் ஒரு ஞாயிறு, ஒலிபெருக்கி மக்கர் செய்ததால் பேச்சை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தேன். குழாயடியில் ஒருவரும் இல்லை. பாதையில் ஒருவரும் இல்லை. தண்ணீர் பிடிப்பவர்கள் ஆராதனை தொடங்குமுன்பே பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள் என்று பின்னர் அறிந்தேன்.

அன்றிரவு அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு எண்பது கடந்துவிட்டது, காது மந்தம், எதைச் சொன்னாலும் பழைய காலத்துக்குப் போய்விடுவார். "நியூபிகின் பிஷப் வந்தப்ப எங்க ஊர்ல உக்காந்திருந்தவுகளவிட நின்னவுகதான் அதிகம்" என்றார். 1956-இல், பதினான்கு வயதில், அவருக்குத் திடப்படுத்தல் கொடுத்தவர் நியூபிகின். அப்பாவுக்கு நினைவிருப்பது தலைமேல் வைத்த கையின் கனமும், வெள்ளைக்காரர் தமிழில் கேள்வி கேட்டதும், பிறகு இந்த நின்றவர்களும்.

லெஸ்லி நியூபிகின் என்ற பெயரை எங்கள் திருமண்டலத்தில் பெருமிதத்தோடு சொல்வோம், வாசித்தவர்கள் சொற்பம். நானும் அந்தச் சொற்பத்தில் சேராதவனாகவே இருந்தேன். 1909-இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் பிறந்தவர். 1936-இல் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் ஊழியராகச் சென்னை வந்து, தமிழ் கற்று, காஞ்சிபுரத்தில் பணிபுரிந்தார். அங்கே இராமகிருஷ்ண மடத்தில் துறவியரோடு தரையில் அமர்ந்து, ஒரு முறை உபநிடதமும் ஒரு முறை யோவான் சுவிசேஷமுமாக மாற்றி மாற்றி வாசித்துவந்தார் என்பது எனக்கு மிகவும் உவப்பான செய்தி. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மதுரை – இராமநாதபுரம் பகுதிக்குப் பேராயராக அமர்த்தப்பட்டார். அப்போது வயது 37.

அந்த இணைப்பே தனிக் கதை. 1919-இல் தரங்கம்பாடியில் கூடிப் பேசத் தொடங்கியது; முடிய 28 ஆண்டுகள் ஆயின. பேராயர் என்ற பதவியை வாழையடி வாழையாகக் காத்துவந்த ஆங்கிலிக்கர்கள் ஒருபுறம், அந்தப் பதவியே வேண்டாம் என்று வாழ்ந்த சபைகள் மறுபுறம். மதுரையில் 1834 முதல் வேரூன்றிய அமெரிக்க மிஷன் இரண்டாம் வகை, இராமநாதபுரத்தில் ஆங்கிலிக்கர்கள். இரண்டையும் சேர்த்து, பிரெஸ்பிட்டேரிய மரபில் குருப்பட்டம் பெற்ற ஒருவரின் கையில் கொடுத்தார்கள். இலக்கிய நண்பர்களுக்கு ஒரு தகவல்: இந்த இணைப்பைக் கடுமையாக எதிர்த்தவர்களில் டி.எஸ். எலியட்டும் ஒருவர். 1943-இல் இதற்கென்றே ஒரு சிறுநூல் எழுதினார். அழிப்பதன் மூலம் இணைப்பது என்று பொருள்படும் தலைப்பு. 'பாழ்நிலம்' எழுதிய கவிஞர் நம் வறண்ட நிலத்துச் சபைகளுக்காக இத்தனை கவலைப்பட்டிருக்கிறார் என்பதில் எனக்கு ஓர் அற்ப மகிழ்ச்சி உண்டு.

எலியட் அஞ்சியபடி எதுவும் அழியவில்லை. இணைப்பை வகுத்தவர்களின் பொறுமை அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். ஏற்கெனவே குருப்பட்டம் பெற்றிருந்த எவரையும் மீண்டும் பட்டம் பெறச் சொல்லவில்லை. இனிவரும் பட்டங்கள் பேராயர் கையால் நடக்கட்டும், பழையவர்கள் பழையபடியே இருக்கட்டும், முப்பது ஆண்டு சேர்ந்து வாழ்ந்து பார்ப்போம் என்றார்கள். எந்தச் சபையின் மீதும் அதன் மனச்சான்றுக்கு ஒவ்வாத ஊழியரையோ வழிபாட்டு முறையையோ திணிப்பதில்லை என்றும் வாக்குக் கொடுத்துக்கொண்டார்கள். இந்த இடத்தை வாசித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நான் எழுதிய தீர்மானத்தின் நகல் என் மேசையிலேயே இருந்தது.

அப்பா சொன்ன நின்றவர்கள் நியூபிகினின் எழுத்திலும் நிற்கிறார்கள். கிராமங்களில் திறந்த வெளியில் ஆராதனை நடத்திய நாள்களை அவர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். நடுவே தரையில் சபை அமர்ந்திருக்கிறது. சுற்றிலும் இந்துக்களும் முஸ்லிம்களும் நின்று பார்க்கிறார்கள். வேதத்தைத் திறந்து இவர் எதைச் சொன்னாலும், வெளியே நிற்பவர் அதை நம்புவதும் நம்பாததும் உள்ளே அமர்ந்திருப்பவர்களின் வாழ்க்கையைப் பொறுத்தது என்று அவர் உணர்ந்திருந்தார். நிற்பவருக்கு அமர்ந்திருப்பவரைத் தெரியும். யார் கடன் வாங்கித் திருப்பித் தந்தார், யார் குடித்துவிட்டு மனைவியை அடித்தார், யாருடைய ஆடு யாருடைய கொல்லையில் மேய்ந்தது என்பதெல்லாம் தெரியும். பேராயரைத்தான் அவர்களுக்குத் தெரியாது.

இந்த அனுபவம் நாற்பது ஆண்டுகள் அவருக்குள் ஊறியிருக்க வேண்டும். 1989-இல் வந்த அவருடைய புகழ்பெற்ற நூலில், பன்மைச் சமூகத்தில் நற்செய்தியின் இடம் பற்றிய நூல் அது, ஓர் அதிகாரத்தின் தலைப்பையே தமிழில் சொன்னால் 'நற்செய்திக்கு உரையாக அமையும் சபை' என்றாகும். மேனாட்டு இறையியலாளர் பயன்படுத்தும் அந்தக் கலைச்சொல்லுக்குப் பொருள்கோளியல் என்றெல்லாம் மொழிபெயர்க்கிறார்கள். எனக்கு உரை என்ற நம் சொல்லே போதும் என்று தோன்றுகிறது. மூலம் செப்பேட்டில் கிடக்கிறது. அதற்கு உரை காண்பவர் பிரசங்கியார் என்றே நான் நினைத்திருந்தேன். இருபது வீட்டுச் சபை மொத்தமும் சேர்ந்து வாழ்ந்து காட்டுவதே உரை என்கிறார் இவர். அப்படியானால் குழாயடியில் நின்றவர்கள் யார்? பலகைமேல் அமர்த்தப்பட்ட மூங்கைப் பிள்ளைகள். அவர்கள் எதுவும் சொல்லமாட்டார்கள். நின்று கேட்பார்கள், அல்லது தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

சபைத் தலைமை என்று பேச்செடுத்தால் எங்கள் பக்கத்தில் எல்லோரும் ஓரியூரைத்தான் காட்டுவார்கள். அது இயல்பே. அருளானந்தர் என்னும் ஜான் டி பிரிட்டோ லிஸ்பன் அரண்மனைச் சூழலில் வளர்ந்து, பண்டாரசாமி கோலத்தில் மறவர் சீமைக்கு வந்தவர். 1686-இல் பிடிபட்டு வதைபட்டார். ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டும், அங்கேயே இருந்துகொள்ளும்படி வற்புறுத்தப்பட்டும், 1690-இல் திரும்பி வந்தார். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டார். அந்தத் துணிவின் முன் நான் பேச என்ன இருக்கிறது? ஆனால் ஒன்று மனத்தைக் குடைகிறது. தடியத் தேவர் ஞானம் பெற வந்தபோது ஒரு மனைவி மட்டுமே இருக்கலாம் என்ற கட்டளையால் விலக்கப்பட்ட பெண்களில் ஒருத்தி கிழவன் சேதுபதியின் உறவினள்; அவள் முறையிட்டதே மரணத்துக்கு வழியாயிற்று. புனிதர் வரலாறுகளில் அவள் கொடியவளாக வருகிறாள். ஒரு கட்டளையால் வாழ்விழந்தவள் வேறு எங்கே போய் முறையிடுவாள் என்று எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை.

கட்டளைகளின் எல்லைக்கு இன்னொரு சான்று 1833. கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதி வேறுபாடு அறவே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் அதை ஏற்க மறுத்து விலகினார்கள். நியாயமான கட்டளை; அதை நான் நூறு முறை ஆதரிப்பேன். ஆனாலும் சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் இருக்கும் ஊர்கள் தமிழ்நாட்டில் இன்றும் இருக்கின்றன. தாளால் அவ்வளவு தூரம்தான் போக முடிகிறது போலும். என் தீர்மானமோ நியாயமான கட்டளைகூட அன்று.

நியூபிகினுக்கு ஆசான் போல இருந்தவர் ரோலண்ட் ஆலன். 1912-இல் ஆலன் எழுதிய நூல், பவுலின் முறையையும் மிஷன்களின் முறையையும் ஒப்பிட்டு ஒரு சங்கடமான கேள்வியைக் கேட்டது. பவுல் ஓர் ஊரில் சில மாதங்களோ ஓரிரு ஆண்டுகளோ தங்கி, அந்த ஊர்க்காரர் சிலரையே மூப்பர்களாக வைத்துவிட்டு நடையைக் கட்டினார். மிஷன்களோ தலைமுறைகள் கடந்தும், இவர்கள் இன்னும் பக்குவப்படவில்லை என்று சொல்லிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருக்கின்றன. ஏன்? நியூபிகின் இந்தக் கேள்வியை மதுரை – இராமநாதபுரத்துக் கிராமங்களுக்கு எடுத்து வந்தார். சம்பள ஊழியரை மட்டும் நம்பாமல், அந்தந்த ஊரின் எளிய மனிதர்களையே சபையை நடத்தப் பழக்க முயன்றார். 1910-இல் எடின்பரோ மாநாட்டில் வெள்ளாளன்விளையின் அசரியா எழுந்து, எங்களுக்கு எல்லாம் தந்தீர்கள், நட்பையும் தாருங்கள் என்னும் பொருள்படப் பேசியது பலருக்கும் தெரியும். அவரே 1912-இல் இந்தியர்களில் முதல் ஆங்கிலிக்கப் பேராயரானார். அந்த மாநாட்டில் வெள்ளையருக்கு அவர் சொன்னதை, ஒரு நூற்றாண்டு கழித்து, முதுகலைத் தமிழ் படித்த ஓர் உபதேசியார் பேரனுக்கும் சொல்ல வேண்டி வந்திருக்கிறது.

நியூபிகின் 1959-இல் இங்கிருந்து உலக அளவிலான பொறுப்புகளுக்குச் சென்று, 1965-இல் சென்னைப் பேராயராகத் திரும்பினார். அக்காலத்து நிகழ்ச்சி ஒன்றை அவரே வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். ஓர் ஊருக்கு வடக்கிலும் தெற்கிலுமாக இரண்டு வழிகள். பேராயர் தெற்கு வழியாக வருவார் என்று எண்ணிய சபையார் மேளம், மாலை, வெடி, சிலம்பாட்டம் என்று அங்கே திரண்டு நிற்கிறார்கள். அவர் வடக்கு வழியாக வந்து சேர்கிறார். வரவேற்க நின்றவை சில ஆடுகளும் கோழிகளுமே. செய்தி போய், ஊரே திரும்பி வடக்கு நோக்கி ஓடிவரும்வரை பேராயர் மறைவாக ஒதுங்கி நிற்க வேண்டியதாயிற்று. மனந்திரும்புதல் என்றால் என்ன என்பதற்கு அவர் காட்டும் எடுத்துக்காட்டு இது. நாம் ஒரு திசையைப் பார்த்து நிற்க, கடவுள் வேறு திசையிலிருந்து வந்துவிடுகிறார். திரும்புவதைத் தவிர வழியில்லை. அவர் சொல்லும் பொருளைவிட, ஊர் திரும்பும்வரை ஒதுங்கி நின்ற அந்தப் பேராயரையே நான் மறுபடி மறுபடி நினைத்துக்கொள்கிறேன். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1974-இல், அவரும் மனைவியும் இரண்டு பெட்டிகளும் ஒரு முதுகுப் பையுமாக, உள்ளூர்ப் பேருந்துகளில் ஏறி இறங்கியே இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள். எழுபது வயதில் பர்மிங்காம் சிறைச்சாலைக்கு எதிரே, மூடப்படும் நிலையிலிருந்த சின்னஞ்சிறு சபை ஒன்றுக்குப் போதகரானார். 1998-இல் மறைந்தார்.

எனக்கும் ஒருமுறை வெளியே போய்த் திரும்பி வர வேண்டியிருந்தது. அந்த ஊருக்கு ஒரு வேலைநாள் மாலை, ஒலிபெருக்கியும் குறிப்பேடும் இல்லாமல் போனேன். ஜெபக்கார அம்மா வாசலில் உட்கார்ந்து வற்றலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். தும்மிக்கொண்டே நானும் உட்கார்ந்தேன். சொல்ல வந்ததைச் சொல்லத் தெரியாமல், "என் பிரசங்கம் எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டுவிட்டேன்.

"நல்லாத்தான் சொல்றீக தம்பி. எங்கயோ தூரத்துல நடந்த கத மாதிரி இருக்கு."

குழாயடிக்கு ஏன் யாரும் வருவதில்லை என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் கிள்ளிக்கொண்டிருந்தார். பிறகு, "மைக்கு வச்சா கூட்டம்னு ஆயிருமுல்ல தம்பி. கூட்டம்னா, அங்க ஏன்டா போய் நின்னன்னு அவுக வீட்டுல கேப்பாக. நான் பேசுனா, கெழவி பொலம்புதுன்னு நிப்பாக" என்றார்.

அந்தத் தாயைப் பற்றியும் கேட்டேன். கெட்ட குமாரன் வீட்டில் தாய் எங்கிருந்து வந்தாள்? அவர் கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அடுத்த தெருவில் ஒரு வீட்டைச் சாடையாகக் காட்டினார். அந்த வீட்டுப் பையன் வீட்டோடு சண்டை போட்டுக்கொண்டு திருப்பூருக்குப் போய் மூன்று வருடமாகத் தகவல் இல்லையாம். அவன் தாய்தான் குடத்தை நிரப்பிவிட்டும் போகாமல் தினமும் நிற்பவளாம். "அவ நின்னுக்கிட்டு இருக்கறப்ப அய்யா மட்டும் இருந்தாருன்னு எப்படித் தம்பி சொல்றது?"

நான் ஒன்றும் பேசவில்லை. மூல பாடத்தைப் பற்றி இப்போதும் என் கருத்து மாறிவிடவில்லை. லூக்கா எழுதியதில் தாய் இல்லை, சேர்க்கவும் கூடாது. அந்த அந்தியில் அதைச் சொல்ல வாய் வரவில்லை. 'தெரியாமல் செய்துவிட்டேன்' என்றேன். "அதுக்கென்ன" என்றார். மன்னித்தாரா, பொருட்படுத்தவில்லையா என்பது விளங்கவில்லை.

கமிட்டியில் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றேன். எளிதாக இருக்கவில்லை. என்னை ஆதரித்து வாக்களித்தவர்களுக்கு அது அவமானமாகப்பட்டது. இருவர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. படிப்பறிவில்லாதவர்கள் கையில் வேதத்தைக் கொடுத்தால் தாறுமாறாகும் என்ற அவர்களுடைய அச்சத்தில் நியாயமே இல்லை என்றும் நான் சொல்லமாட்டேன். அருள்வாக்கு என்ற பேரில் ஏழைகளின் தாலியைக்கூட அடகு வைக்கச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். யாருடைய கையை நம்பலாம் என்பதற்கு என்னிடம் விதி எதுவும் இல்லை. ஆயரைக் கேட்டேன். "நான் அந்த ஊருக்குப் போனா, மொதல்ல குழாயடியில நிக்கிறவங்களத்தான் சார் பாப்பேன்" என்றார். இவ்வளவு நாள் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அவர் சொல்லத்தான் செய்தார். பார்த்துச் செய்யுங்கள் என்று.

அடுத்த தெரு உடனே வந்துவிடவில்லை. ஆறேழு மாதம் ஆயிற்று. முதலில் வந்து நின்றவள் அந்தத் தாய் என்று கேள்வி. பையனைப் பற்றிய தகவல் இன்னும் இல்லை.

போன மாதம் ஒரு ஞாயிறு போய்க் கடைசி வரிசையில் பாயோரம் உட்கார்ந்தேன். வைகையில் தண்ணீர் திறந்திருந்ததால் ஊரில் எல்லோருக்கும் அதைப் பற்றிய பேச்சு. ஜெபக்கார அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு கூட்டத்தைத் துழாவி என்னைக் கண்டுபிடித்தார். வேதாகமத்தை என்னிடம் கொடுத்தனுப்பினார்.

"கண்ணு தெரியல. நீங்க வாசிங்க தம்பி. வாசிச்சுட்டு அதோட நிறுத்திக்கிருங்க."

வாசித்து நிறுத்திக்கொண்டேன். வெளியே மூன்று பேர் நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருவர், என் வண்டி பாதையை மறித்து நிற்கிறது, கொஞ்சம் தள்ளி வையுங்கள் என்று சொல்ல வந்தவர். தள்ளி வைத்தபின்னும் அவர் போகவில்லை.